வாட்ஸ்அப் குழுவில் வகுப்புக் கலந்துரையாடல்: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடத்தையொட்டி, செவ்வாய், வியாழன் மாலைகளில் 6.30 மணி முதல் 7.30 மணி வரை, மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் கலந்துரையாடத் தங்கள் இசைவைக் கோரி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

செல்பேசியைத் தொடாதே என்று இதுவரை கண்டித்துவந்த பள்ளியே இப்படிக் கேட்பது தங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கும் முதலில் தயக்கம்தான். ஆனால் சென்ற மாதம் இரண்டு வாரம் நடத்திய முன்னோட்டத்தில், நம் தருமபுரிப் பகுதியில் வேடியப்பன் என்று வழிபடப்படும், இறந்த வீரர்களின் நினைவாக நட்ட நடுகற்களை மாணவர்கள் படம் எடுத்து அனுப்பியபோது, ஒரு கல்லில் வீரனின் காலடியில் செதுக்கப்பட்டிருந்த மாடுகளைக் கண்டு, அவன் ஆநிரையைக் கவர வந்தவனா, மீட்கப் போனவனா என்று எழுந்த விவாதம் வகுப்பறையில் நான் கேட்டறியாதது. வகுப்பில் வாய் திறவாத ஒரு மாணவி, பாட்டியிடம் கேட்டறிந்த செய்தியைப் பதினோரு வரிகளில் எழுதியிருந்தாள்.

நாங்கள் கவனிக்கத் தவறியதும் ஒன்றுண்டு. குழுவில் இருப்போரின் எண் மற்ற எல்லோருக்கும் தெரியும் என்பதால், ஒரு தாயின் எண்ணுக்கு இரவில் அறிமுகமற்ற அழைப்புகள் வந்தன. அவரிடம் நேரில் வருத்தம் தெரிவித்தோம். இனி, எண்ணை வெளியிட விரும்பாதோர் குழுவில் சேரவேண்டியதில்லை. பிள்ளையின் பதிலை ஆசிரியருக்குத் தனியே அனுப்பினால், ஆசிரியர் பிள்ளையின் பெயரை மட்டும் குறித்து அதைக் குழுவில் பதிவார். குறித்த நேரம் முடிந்ததும் அட்மின் மட்டுமே எழுதும்படி குழு மாற்றப்படும்.

குழுவில் பெற்றோரின் செல்பேசி எண்கள் மட்டுமே சேர்க்கப்படும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறைவடையாதவரைக் குழந்தை என்றே கொண்டு, அவர்களின் தரவுகளுக்குப் பெற்றோர் இசைவை வலியுறுத்துவதால், தங்கள் கையொப்பம் இன்றி எவரையும் சேர்க்கமாட்டோம். இதற்காகப் புதிய செல்பேசி வாங்கவேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். செல்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் தாளில் எழுதித் தருவதும் மறுநாள் வகுப்பில் படிக்கப்படும். இதற்கு மதிப்பெண் எதுவும் இல்லை.

தகாத செய்தி ஏதேனும் வந்தால் அழிக்காமல் என்னிடம் காட்டுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அழைக்கலாம். இணைப்புப் படிவத்தில் கையொப்பமிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
அரசு மேல்நிலைப் பள்ளி
தருமபுரி மாவட்டம்