ஹெட்கார்டு மட்டும் போதாது மாப்ள

பாளையங்கோட்டை

அன்புள்ள சுடலை,

இங்கே எல்லாரும் நலம். மதினியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். போனில் ஆரம்பித்தால் "விடுலே, பாத்துக்கலாம்" என்று பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

அக்காவின் இளையவனுக்குத் தலையில் அடி. அவன் போகிற கராத்தே கிளாஸில் போட்டிக்கு ஆள் எடுக்க ஃபுல் காண்டாக்ட் ஃபைட், அதாவது முழு பலத்தோடு அடித்து மோதுகிற சண்டை, விட்டிருக்கிறார்கள். எதிரே நின்றவன் பிளஸ் டூ பையன், இவனைவிட ஒரு சாண் உயரம். சுழற்றி விட்ட உதை தாடையோரம் விழுந்தது. பய கீழே விழவில்லை, மயங்கவும் இல்லை. லேசாகச் சிரித்துக்கொண்டே நின்றானாம். நிற்கிறானே என்று தண்ணீர் கொடுத்து அடுத்த ரவுண்டுக்கும் இறக்கிவிட்டார் மாஸ்டர். கூட இருந்த பையன் சொல்கிறான்: "அண்ணாச்சி, எத்தனாவது ரவுண்டுன்னு திரும்பத் திரும்ப என்ட்ட கேட்டுக்கிட்டே இருந்தான்." அந்தக் கேள்விதான் மாப்ள, மூளை அதிர்ந்ததற்கு அடையாளம். அந்த இடத்திலேயே கிளவுஸைக் கழற்றியிருக்க வேண்டும்.

ராத்திரி வாந்தி. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. அக்கா இசக்கியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். டாக்டர் மட்டும் முகம் மலரவில்லை. ரத்தக்கசிவு இல்லை என்றுதான் ஸ்கேன் சொல்லும், மூளை அதிர்ந்தது அதில் தெரியாது என்றார். அதை அப்புறம் வீட்டிலேயே பார்த்தோம். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடுவான். டம்ளரை மேஜையில் வைக்கப் போய் விளிம்புக்கு வெளியே விடுவான். கணக்கில் கெட்டிக்காரப் பய, இரண்டாவது வரியைப் படிப்பதற்குள் முதல் வரி மறந்துபோகிறது என்று அழுதான். இப்போது தேறிவிட்டான், பள்ளிக்கூடம் போகிறான். ஆனாலும் அந்த நாட்களை அக்கா மறக்க மாட்டாள்.

நீ நடத்துகிற கராத்தே கிளாஸ் பிள்ளைகளை நினைத்துத்தான் இவ்வளவும். தலையில் மாட்டுகிற பஞ்சுக் கவசம், அந்தப் புது ஹெட்கார்டுகளை வரிசையாக அடுக்கி, கல்யாணச் சீர் மாதிரி போட்டோ எடுத்து அனுப்பினாயே! நல்ல காரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. புருவம் கிழியாது, காது தப்பும். ஆனால் மண்டைக்குள் மூளை ஆடுவதை அது தடுக்காது. தூக்குவாளியில் சாம்பாரோடு சைக்கிளில் போகிறவன் சட்டென்று பிரேக் போட்டால் வாளி நிற்கும், சாம்பார் நிற்குமா? அதிலும் தாடையில் பக்கவாட்டில் விழுந்து தலையைத் திருப்புகிற அடிதான் மோசம். மண்டை திரும்புகிற வேகத்துக்கு மூளை ஈடுகொடுக்காமல் திருகுகிறது, உள்ளே நரம்பு இழைகள் இழுபடுகின்றன. எவ்வளவு தடிமனாகப் பஞ்சு வைத்தாலும் தலை திரும்பத்தானே செய்யும்? அமெச்சூர் பாக்சிங்கில் 2013-இல் வயதுவந்த ஆண்களுக்கு ஹெட்கார்டையே எடுத்துவிட்டார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெறுந்தலையோடுதான் மோதினார்கள். அது சரி என்று நான் சொல்ல மாட்டேன், வெட்டுக்காயம் கூடத்தான் செய்தது. என் பயம் வேறு. தலையில் கவசம் இருக்கிறதே என்று உன் பிள்ளைகள் இன்னும் பலமாக அடிப்பார்கள்.

முகத்தில் குத்துவது எங்கள் ஸ்டைலில் கிடையாது என்பாய். காலால் தலையில் உதைக்கலாமே! கையைவிடக் கால்தானே கனம்?

இதைவிடப் பெரிய பயம் இரண்டாவது அடி. முதல் அடி ஆறுவதற்குள் இன்னொன்று விழுந்தால், அது சின்ன அடியாக இருந்தாலும், மூளை மளமளவென்று வீங்கி உயிரே போகலாம். அபூர்வம்தான். ஆனால் நடப்பது பெரும்பாலும் இந்த வயசுப் பிள்ளைகளுக்கு. டாக்டர் இதைச் சொன்னதும், அடுத்த ரவுண்டுக்கு இறக்கிவிட்டதை நினைத்து அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மயக்கம் வராத சின்னச் சின்ன அடிகளும் வருஷக்கணக்கில் சேரும். குத்துச்சண்டைக்காரர்கள் நாக்குழறித் தள்ளாடுவதைப் பற்றி ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க டாக்டர் 1928-லேயே எழுதிவிட்டார். போட்டி வருஷத்துக்கு நாலு வரும். பயிற்சி வாரா வாரம். பிள்ளைகள் அதிகம் அடி வாங்குவது மெடல் இல்லாத அந்த நாட்களில்தான், அங்கேதான் உன் கை இருக்கிறது.

குறுக்குத்துறை மணலில் சிலம்பம் சொல்லிக்கொடுத்த ஆசான் நம்மைத் தலையில் அடிக்க விட்டாரா? கம்பு நெற்றிக்கு ஒரு விரற்கடை முன்னால் நிற்க வேண்டும். பட்டால் அடித்தவனுக்குத்தான் தண்டனை, அன்றைக்குப் பூரா கம்பைத் தொட விட மாட்டார். நிறுத்தத் தெரிந்தவன்தான் கைகாரன் என்று வளர்ந்தவர்கள் நாம். தொடையிலும் வயிற்றிலும் எவ்வளவு பலமாக வேண்டுமானாலும் அடிக்க விடு. தலைக்கு மட்டும் தொட்டுக் காட்டினால் போதும். பதினெட்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு இதில் விலக்கே வைக்காதே.

எவனாவது கிறங்கி நின்றால் அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது. "ஒண்ணுமில்ல மாஸ்டர்" என்பான், நம்பாதே. டீமில் இடம் போய்விடும் என்று அக்கா மகனும் அப்படித்தான் மறைத்தான். டாக்டர் சொன்ன பிறகு முதலில் பள்ளிக்கூடம், அப்புறம் நடை, ஓட்டம், எதிராளி இல்லாமல் தனியாகச் செய்கிற கட்டா அடவு என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது விட்டு ஏற வேண்டும். ஃபைட் கடைசியில், அதுவும் டாக்டர் சரி என்றால். தலைவலி திரும்பினால் ஒரு படி கீழே. வாந்தி நிற்காமல் வந்தாலும், தலைவலி ஏறிக்கொண்டே போனாலும், வலிப்பு வந்தாலும், கருவிழிப் பாப்பா ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகத் தெரிந்தாலும், எழுப்பியும் எழும்பாவிட்டாலும் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதைத் தமிழில் பெரிதாக எழுதி ஷெட் வாசலில் மாட்டு. "மூஞ்சிலயே அடிலே" என்று வெளியே நின்று கத்துகிற அப்பாமார் கண்ணிலும் படட்டும்.

அக்கா இனிமேல் கராத்தேயே வேண்டாம் என்கிறாள். எனக்கு மனசில்லை. அந்தப் பய நிமிர்ந்து நடக்கக் கற்றது அங்கேதான். உன்னிடம் அனுப்பலாமா என்று கேட்டேன், "அவர் கிளாஸில் தலைக்கு என்ன சட்டம்?" என்று திருப்பிக் கேட்டாள். ஜங்ஷனிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு ரயில் இருக்கிறது, போக்குவரத்துக்குக் கஷ்டமில்லை. அவளுக்கு என்ன சொல்லட்டும்? அடுத்த போட்டிக்கு ஆள் எடுப்பதற்கு முன்னால் பதில் போடு.

உன்
கணேசன்