ஐந்து அங்குலமா, நாலேகாலா?

சத்துவாச்சாரி, வேலூர்.

அன்பு நண்பனுக்கு,

நலம். உன் நலமும், தங்கை மற்றும் பேரப்பிள்ளைகளின் நலமும் அறிய ஆவல். குடியுரிமை கைக்கு வந்த மகிழ்ச்சியோடு நீ எழுதிய கடிதம் கிடைத்தது. பட்டாளத்தில் இருந்த காலம் முதல் நீ மனத்தில் வைத்திருந்த 1911 என்ற மாடல் கைத்துப்பாக்கியை இப்போது ஹூஸ்டனில் வாங்கப் போவதாகவும், கடைக்காரர் ஐந்து அங்குலக் குழல் கொண்ட கவர்ன்மென்ட் மாடல், நாலேகால் அங்குலக் கமாண்டர், மூன்றரை அங்குல ஆபீசர் ஆகிய மூன்றையும் மேசைமேல் வைத்து, "வயதானவர், சிறியதாக எடுத்துக்கொண்டால் சுலபமாக இருக்கும்" என்று சொன்னதாகவும் எழுதியிருந்தாய். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியதை வாங்கு. கடைக்காரர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் சொன்ன காரணம் தலைகீழானது.

நம் நாட்டில் 1911-க்கு உரிய .45 அங்குலத் தோட்டா அளவும் 9 மில்லிமீட்டரும் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட அளவுகள். உரிமம் பெற்றவர்களுக்கும் .32 தான் வழக்கம். ஆகையால் இங்குள்ள எவருக்கும் வாய்க்காத ஒரு தேர்வு உனக்கு வாய்த்திருக்கிறது. ஆயுதக் கிடங்கில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவனாக வேலை பார்த்தவன் என்ற முறையில், உனக்குச் சரியான யோசனை சொல்ல வேண்டும் என்ற அக்கறையோடு இதை எழுதுகிறேன்.

நாம் இருவரும் கையாண்ட 9 மி.மீ. 1ஏ பிஸ்டல் உனக்கு நினைவிருக்கும். அது பெல்ஜியத்தில் 1935-இல் வெளிவந்த பிரவுனிங் ஹை-பவரின் இந்திய வடிவம். அதைத் தொடங்கிய ஜான் மோசஸ் பிரவுனிங் 1926-இல் லீஜ் நகரில் காலமானார். டியூடோனே சைவ் என்பவர் அதை முடித்துக் கொடுத்தார். 1911-ஐ வடிவமைத்தவரும் அதே பிரவுனிங்தான். அதனால் 1911 உன் கைக்கு அந்நியமாக இருக்காது. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ஹை-பவரில் குழலுக்கு அடியிலேயே செதுக்கப்பட்ட சாய்வுப் பள்ளம் குழலின் பின்பகுதியைக் கீழே இறக்குகிறது. 1911-இல் அந்த வேலையைச் செய்வது, ஊசலாடும் சிறிய இணைப்புத் துண்டு ஒன்று. குழலை மூடிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதிதான் ஸ்லைடு; குழலின் முன்முனையை அதன் வாயில் பிடித்து நிறுத்துவது புஷ்ஷிங் என்ற வளையம். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால், குழலைக் குறுக்கும்போது என்ன நடக்கிறது என்பது தானாகவே விளங்கும்.

அமெரிக்க ராணுவம் இந்தப் பிஸ்டலை 1911 மார்ச் 29 அன்று ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் நடந்த சோதனையில் 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. சூடேறியபோது தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு மீண்டும் சுட்டார்கள். இதைத் தயாரித்த கோல்ட் நிறுவனத்தின் பிஸ்டல் ஒருமுறைகூடத் தடைபடவில்லை. போட்டிக்கு வந்த சாவேஜ் பிஸ்டல் 37 முறை தடைபட்டது. அந்த வெற்றி ஐந்து அங்குலக் குழல், அதற்கு ஏற்ற எடையுள்ள ஸ்லைடு, அதற்கு ஏற்ற வலிமையுள்ள ஸ்பிரிங், ஏழு தோட்டா கொள்ளும் மேகசின் (தோட்டாக் கூடு) ஆகியவை ஒன்றோடொன்று இணங்கிப் போனதால் கிடைத்த வெற்றி. ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் மாற்றியாக வேண்டும். பிஸ்டலைக் குறுக்குவது, வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல் எளிதான காரியம் அல்ல.

சுட்டவுடன் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டபடியே சிறிது தூரம் பின்னால் வருகின்றன; பிறகு இணைப்புத் துண்டு குழலின் பின்முனையைக் கீழே இழுக்க, பூட்டு விடுபடுகிறது. குழல் நீளமாக இருந்தால், பின்முனை இறங்கும்போது முன்முனை சற்றே சாய்ந்தால் போதும். குழல் குட்டையானால் அதே இறக்கத்துக்கு அதிகமாகச் சாய வேண்டும். அந்தச் சாய்வுக்குச் சாதாரண புஷ்ஷிங் இடம் கொடுக்காது. அதனால்தான் மூன்றரை அங்குல வகைகள் பலவற்றில் புஷ்ஷிங்கையே எடுத்துவிட்டு, குழலின் முனையை மணி வாய்போல் விரித்து, ஸ்லைடோடு நேரடியாகப் பொருந்தும்படி செய்கிறார்கள். ஸ்லைடும் இலேசாகிவிடுவதால் வேகமாகப் பின்னால் வரும். அது ஓடும் தூரமும் குறைவு. அந்தக் குறைந்த நேரத்துக்குள் காலி உறை வெளியே விழ வேண்டும், மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தள்ளி நிறுத்த வேண்டும். வேகத்தைக் கட்டுப்படுத்த ஸ்பிரிங்கை வலுவாக்குகிறார்கள். பெரியதில் வழக்கமாக 16 பவுண்டு ஸ்பிரிங் இருக்கும். ஆபீசர் வகையில் 22 பவுண்டுக்கும் மேல் போகும். இடம் குறைவாக இருப்பதால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் வைப்பதும் உண்டு. இவை சீக்கிரம் தளர்ந்துவிடும். காலத்தில் மாற்றாவிட்டால் துப்பாக்கி கோளாறு செய்யத் தொடங்கும்.

கடைக்காரர் சொன்னது தலைகீழ் என்றேனே, அது இதனால்தான். ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க வேண்டியவன் நீ. வலுவான ஸ்பிரிங்கும், பிடித்து இழுக்கக் குட்டையான ஸ்லைடும் சேர்ந்தால், நம் வயதுக் கைக்கு அது சுலபம் ஆகாது, வேதனைதான் ஆகும். மூன்றும் காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு வரிசையாக இழுத்துப் பார். ஐந்து அங்குலத்தில் கை எந்த அளவுக்கு எளிதாக வருகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது குறி பார்ப்பது. பெரிய 1911-இல் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே ஏறக்குறைய 165 மி.மீ. இருக்கும். முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டரில் குண்டு 150 மி.மீ., அதாவது அரையடி விலகும். குழல் ஒன்றரை அங்குலம் குறைந்து, அந்த இடைவெளியும் அதே அளவு குறைந்தால், அதே ஒரு மில்லிமீட்டர் பிழை 25 மீட்டரில் எட்டு அங்குலம் ஆகிவிடும். துப்பாக்கி அதே துல்லியத்தோடு இருந்தாலும் சுடுபவனின் பிழை பெரிதாகத் தெரியும். கண்ணாடி போட்டுக்கொண்டு முன்குறியைத் தேடும் நமக்கு, நீளம் ஒரு பெரிய துணை.

உதைப்பைப் பற்றியும் எண்ணிப் பார். எஃகாலான பெரிய மாடல் காலியாக 1.1 கிலோ, அலுமினியக் கலப்பு உடல் கொண்ட கமாண்டர் ஏறக்குறைய 765 கிராம். இரண்டிலும் போடுவது, 230 கிரெய்ன் எடையுள்ள குண்டு கொண்ட அதே தோட்டா. கணக்குப் போட்டால், இலேசான துப்பாக்கி கையில் வந்து மோதும் ஆற்றல் 40 சதவீதம் வரை கூடுகிறது. இடுப்பில் சுமக்கும்போது மிச்சப்பட்ட எடையைச் சுடும்போது மணிக்கட்டில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே இதன் பொருள்.

கமாண்டரை நான் குறை சொல்லவில்லை. அது மரியாதைக்குரிய துப்பாக்கி. இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு, அதிகாரிகளுக்கு இலேசான பிஸ்டல் வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் கேட்டபோது கோல்ட் உருவாக்கியது அது. 1950 வாக்கில் கடைக்கு வந்தது. குழலில் முக்கால் அங்குலம் மட்டுமே குறைத்தார்கள், பிடியைத் தொடவே இல்லை. புஷ்ஷிங்கும் ஏழு தோட்டா மேகசினும் அப்படியே இருந்தன. அதனால்தான் அது நம்பிக்கையாக ஓடுகிறது. சுத்தியல் தலையை வட்டமாக்கியது அதில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம். பழைய மாடலில் சுத்தியலுக்கும் பிடிப் பாதுகாப்புத் தகட்டுக்கும் (பிடியைக் கையால் அழுத்தினால்தான் சுட விடும் தகடு) நடுவே கட்டைவிரல் இடுக்கின் சதை சிக்கிக் கடிபடும். பின்னாளில் எஃகு உடல் கொண்ட கமாண்டரும் வந்தது. 1972-இல் அமெரிக்க ராணுவம் தன் ஜெனரல்களுக்கென்று எம்15 என்ற பெயரில் ஏற்றுக்கொண்டதும் இதே நாலேகால் அங்குல அளவுதான். குறுக்குவதற்கு ஓர் எல்லை உண்டு என்றால், அந்த எல்லை இங்கே இருக்கிறது என்பது என் எண்ணம். 1985-இல் வந்த ஆபீசர் மாடல் அதைத் தாண்டிப் போனது. பிடியையும் குறைத்து, ஆறு தோட்டாவாக்கி, சுண்டுவிரலுக்கு இடம் இல்லாமல் செய்துவிட்டார்கள்.

நீ கேட்ட இன்னொரு கேள்வி, மறைத்து எடுத்துச் செல்வதைப் பற்றியது. டெக்சாசில் 2021 செப்டம்பர் முதல், தகுதியுள்ள 21 வயது நிரம்பியவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்று சட்டம் வந்திருப்பதால் உன் மகன் இதை எழுப்பியிருக்கிறான். இங்கே ஒரு விஷயத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. இடுப்பு உறையில் குழல் கீழ்நோக்கிக் கால்சட்டைக்குள் போய்விடுகிறது. அது ஐந்தானாலும் நாலேகாலானாலும் வெளியே யாருக்கும் தெரியாது. சட்டையைத் தள்ளிக்கொண்டு வெளியே தெரிவது பிடியின் அடிப்பகுதிதான். கமாண்டரின் பிடி பெரியதன் பிடியேதான் என்பதால், மறைப்பில் அது தரும் ஆதாயம் மிகக் குறைவு. உண்மையாகவே மறைக்க வேண்டுமானால் ஆபீசர் அளவுப் பிடி வேண்டும். ஆனால் அந்தப் பிடியில்தான் கை தடுமாறுகிறது. நம் ஊர் சித்திரை வெயில் போலவே ஹூஸ்டனிலும் கோடை கடுமை என்கிறாய். மெல்லிய சட்டையை வெளியே விட்டுக்கொண்டு திரியும் மனிதனுக்கு எந்த 1911-உம் பொருத்தம் இல்லை. நீ நாள் முழுதும் இடுப்பில் கட்டிக்கொண்டு அலையப் போவதில்லை, வாரத்தில் ஒருநாள் சுடுதளத்துக்குப் போய் மனமாரச் சுட்டுவிட்டு வரப்போகிறாய் என்று நீயே எழுதியிருக்கிறாய். பிறகு எதற்காகக் குறுக்க வேண்டும்?

ராணுவக் கேன்டீனுக்குப் போனபோது உன் கேள்வியை நம் கூட்டத்தில் வைத்தேன். பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த கம்மவான்பேட்டை பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். ஆயுதத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நம் மாவட்டத்தில் கருத்துக்குப் பஞ்சமா? காலாட்படையில் இருந்த சுபேதார் ஒருவர், சுமப்பவனுக்குத்தான் எடையின் அருமை தெரியும், கமாண்டரே சிறந்தது என்று உறுதியாகச் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மலையிலும் காட்டிலும் நடந்தவர் அவர். உன் நிலைமை வேறு என்பதால் மட்டுமே அதை ஏற்கத் தயங்குகிறேன்.

மணிக்கட்டு வலியைப் பற்றி எழுதியிருந்தாய். அது உண்மையிலேயே தொந்தரவு கொடுத்தால், துப்பாக்கியின் அளவைக் குறைக்காதே, தோட்டாவின் அளவைக் குறை. அதே ஐந்து அங்குல எஃகு 1911 இப்போது 9 மில்லிமீட்டரிலும் கிடைக்கிறது. அந்த எடைக்கு 9 மி.மீ. உதைப்பு மிக மென்மையாக இருக்கும்; தோட்டாவின் விலையும் .45-ஐவிடக் குறைவு என்பதால் அதிகம் பயிற்சி செய்யலாம். .45 தான் 1911-இன் உயிர் என்று நீ வாதிடுவாய் என்று தெரியும். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு பெட்டித் தோட்டா முடிவதற்குள் வலி எடுத்து நிறுத்திவிடும் துப்பாக்கியைவிட, மாலைவரை சுடத் தூண்டும் துப்பாக்கியே உனக்கு நல்லது. முடிந்தால் சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்து இரண்டிலும் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்.

கடையில் பார்க்கும்போது சிலவற்றைக் கவனி. ஸ்லைடு மூடியிருக்கையில் குழலின் பின்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்; ஆட்டம் இருக்கக் கூடாது. சுடும் விசை (டிரிகர்) நேராகப் பின்னால் வர வேண்டும், நடுவில் கரகரப்பு கூடாது. பிடிப் பாதுகாப்பை அழுத்தாமல் விசையை இழுத்தால் சுத்தியல் விழக் கூடாது. சுத்தியலை ஏற்றி, கட்டைவிரலால் இயக்கும் பாதுகாப்புப் பூட்டைப் போட்டு, விசையை இழுத்துவிட்டு, பாதுகாப்பை எடுக்கும்போதும் சுத்தியல் அசையாமல் நிற்க வேண்டும். இவற்றைச் செய்வதற்கு முன் கடைக்காரரிடம் அனுமதி கேட்டுக்கொள். வீட்டில் பேரப்பிள்ளைகள் ஓடியாடுகிறார்கள் என்பதால் துப்பாக்கி வாங்கும் அன்றே பூட்டுப் பெட்டியும் வாங்கிவிடு; தோட்டாக்களை வேறு இடத்தில் பூட்டி வை. இதில் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதே.

உறையை நீ அங்கே வாங்க வேண்டாம். ஆம்பூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் தோல் வேலையில் கெட்டிக்காரர். குரோம் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், வடிவம் நிற்காது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட பழைய முறைத் தோல்தான் நனைத்து அழுத்தினால் துப்பாக்கியின் வடிவத்தை வாங்கிக்கொண்டு, காய்ந்ததும் விறைப்பாக நிற்கும். அப்படிப்பட்ட தோலில் தைக்கச் சொல்கிறேன். சுடுதளத்துக்குப் போய்வர மட்டும் அதைப் பயன்படுத்து. தோல் ஈரம் இழுக்கும் என்பதால் துப்பாக்கியை உறையிலேயே விட்டு வைத்தால் துரு பிடிக்கும். ஐந்து அங்குலத்துக்குத் தைத்த உறையில் கமாண்டரும் உட்காரும் என்பதால், என் பேச்சைக் கேட்காமல் நாலேகாலையே வாங்கினாலும் வீணாகாது. உன் இடைவாரின் அகலத்தை அங்குலத்தில் அளந்து எழுது. பொங்கலுக்கு ஊருக்கு வரும் உன் மருமகனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் அன்பு நண்பன்