நாகம் யாருடைய அன்புக்கும் கட்டுப்படாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறன்று தங்கள் நாளிதழின் மதுரை இணைப்பில், வீட்டு மாடியில் இரண்டு நல்ல பாம்புகளை வளர்த்துவரும் இளைஞர் ஒருவரைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. கழுத்தில் நாகத்தைப் போட்டுக்கொண்டு அவர் சிரிக்கும் வண்ணப் படத்தின் கீழே, "அன்புக்குக் கட்டுப்பட்ட நாகம், பெற்ற பிள்ளையைப் போல் அவர் மடியில் உறங்குகிறது" என்று ஒரு வரி. பாம்புக்கு இமை கிடையாது என்பது தாங்கள் அறியாததல்ல. திறந்த கண்ணோடு கிடக்கும் பிராணி உறங்குகிறதா, விழித்திருக்கிறதா என்பதைத் தங்கள் செய்தியாளர் எவ்வாறு கண்டுகொண்டார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

நான் விலங்கியல் ஆசிரியராவதற்கு முன், இளமையில் சில காலம் ஒரு பாம்புப் பண்ணையில் பராமரிப்பாளராக இருந்தவன். அங்கே எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்த பணியாளர் முதல் நாளே சொன்னார்: "தம்பி, இதுக்கு உன்னைத் தெரியாது. உன் கை வாசனைதான் தெரியும். எலியைத் தொட்ட கையோட உள்ளே போனா, உன்னையும் எலின்னுதான் நினைக்கும்." அதனால்தான் இரை எடுத்துப் போடுபவர் கையைக் கழுவாமல் கூண்டுப் பக்கமே போகக் கூடாது என்பதும், கொக்கியில்லாமல் கதவைத் திறக்கக் கூடாது என்பதும், இரண்டாவது ஆள் அருகில் இல்லாமல் தண்ணீர்த் தொட்டியைக்கூட மாற்றக் கூடாது என்பதும், பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு கூண்டிலும் பாம்பு கண்ணில் பட்டாக வேண்டும் என்பதும் அங்கே மாறாத விதிகள். பல ஆண்டுகள் அங்கேயே இருந்த நாகத்திற்கும் முந்தைய வாரம் பிடித்துவந்த நாகத்திற்கும் ஒரே விதிதான். விஷப் பாம்பைப் பராமரிப்பது என்பது பெரும்பாலும் அதைத் தொடாமல் இருப்பதுதான். தொட்டுக் கொஞ்சுகிறவரைப் பராமரிப்பாளர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்படியானால் அந்த நாகம் ஏன் அடங்கிக் கிடந்தது என்று கேட்கலாம். தங்கள் கட்டுரையிலேயே விடை இருக்கிறது. தகரக் கொட்டகைக்குக் கீழே, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் அவை இருப்பதாகச் செய்தியாளர் பெருமையோடு எழுதியிருக்கிறார். பாம்பு தன் உடல் சூட்டைத் தானே கூட்டவோ குறைக்கவோ இயலாதது. வெயிலில் புற்றுக்குள்ளும் வரப்புப் பொந்துக்குள்ளும் போய்த்தான் பிழைக்கிறது. சித்திரை வெயிலில் நம் ஊர்த் தகரக் கூரைக்கு அடியில் மனிதராலேயே அரை நாழிகை உட்கார முடியாதபோது, அந்தப் பெட்டியில் கிடப்பது சாந்தம் அல்ல, சோர்வு. நீர்ச்சத்து வற்றிய பாம்பு எதை வைத்தாலும் குடிக்கும், பாலையும் குடிக்கும். அந்தப் பால் அதற்குச் செரிப்பதில்லை. வாய்ப்புண் வந்தாலும், சட்டை உரிக்கும் முன் கண் மங்கினாலும் பாம்பு ஒடுங்கித்தான் இருக்கும். இவை அனைத்தும் தங்கள் நாளிதழில் 'அன்பு' என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்துவிட்டன.

விஷப்பல் பிடுங்கப்பட்டதால் ஆபத்தில்லை என்ற அடுத்த வரி இன்னும் கொடுமை. நாகத்தின் விஷப்பல்லுக்குப் பின்னால் மாற்றுப் பற்கள் எப்போதும் காத்திருக்கும். ஒன்று போனால் வேறொன்று முன்னே வரும். அதற்குள் வாய் சீழ்ப்பிடித்துப் பாம்பு செத்தால் உண்டு, இல்லையேல் கடிக்கும் திறன் திரும்பிவிடும். என்னிடம் படித்த மாணவன் ஒருவன் மாதக்கணக்கில் தன்னிடம் 'பழகிய' நாகத்திற்குக் கோழிக்குஞ்சு போட்டுவிட்டு, அதே கையால் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்தான். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் செயற்கைச் சுவாசம் கொடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். சதை அழுகியதால் விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பாம்பின் மீது அவனுக்கு இருந்த அன்பு இந்த இளைஞருடையதைவிடக் குறைந்ததல்ல.

அடுத்து ஒரு கண்ணாடி விரியனையும் சேர்க்கப்போவதாக அவர் சொன்னதைத் தாங்கள் வாழ்த்தோடு வெளியிட்டிருக்கிறீர்கள். அது முட்டையிடாது, குட்டி போடும் என்பதையும், ஒரே ஈற்றில் இருபது முப்பது குட்டிகள் வருவதுண்டு என்பதையும், ஒவ்வொரு குட்டியும் பிறந்த நொடியிலிருந்தே விஷத்தோடு இருக்கும் என்பதையும் யாராவது அவரிடம் சொன்னார்களா? தலை நுழையும் இடுக்கில் உடலும் நுழைந்துவிடும். பக்கத்து வீட்டுக் குழந்தைகளிடம் செய்தியாளர் பேட்டி எடுத்ததாகத் தெரியவில்லை. அனுமதியின்றி நாகத்தை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்ற செய்திக்கும் அரைப்பக்கத்தில் இடம் இருக்கவில்லை.

விஷப் பாம்பை முறையாக அடைத்து வைப்பவர்களைப் பற்றி எழுத வேண்டுமென்றால், மாமல்லபுரம் அருகே வடநெம்மேலிக்குச் செய்தியாளரை அனுப்பியிருக்கலாமே. பாம்புத் தோல் வணிகம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பை இழந்த இருளர்கள் 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் அங்கே இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உரிமம் பெற்றுப் பிடித்து, மணல் போட்ட மண்பானையில் விட்டு, பானையின் வாயைத் துணியால் கட்டி, சில வாரங்கள் மட்டும் வைத்திருந்து, வாரம் ஒருமுறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றித்தான் விஷமுறிவு மருந்தே உருவாகிறது. இவர்களில் எவரும் பாம்புக்கு முத்தம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவின் புளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டிய இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது, தங்கள் மதுரைப் பதிப்பில் அது உள்பக்கத்தில் சில வரிகளோடு முடிந்துபோனதாக நினைவு.

இது முதல் முறை என்றால் வாளாவிருந்திருப்பேன். இரண்டு ஆண் சாரைகள் சண்டையிட்டுப் பின்னிக்கொண்டதை, 'நாகமும் சாரையும் இணைந்த அரிய காட்சி' என்று வெளியிட்டீர்கள். நான் எழுதிய மறுப்பு என்ன ஆயிற்றோ, தெரியாது. ஒரு பள்ளி ஆண்டு விழாவில் வாய் தைக்கப்பட்ட நாகத்தை மாணவர்களைத் தொடவைத்ததை 'விழிப்புணர்வு' என்று பாராட்டினீர்கள். சிறியாநங்கைச் செடி வளர்த்தால் பாம்பு வராது என்ற குறிப்போ ஆண்டுதோறும் மழைக்காலத்தில் தவறாமல் வருகிறது. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக 2024 நவம்பரில் தமிழக அரசே ஆக்கிவிட்டது. பாண்டியன் அம்பு பட்டு விழுந்த நாகம் என்று புராணம் சொல்லும் மலையின் அடியில் குடியிருப்பவன் நான். அந்த நாகத்தையும் யாரும் அன்பால் அடக்கியதாகக் கதை இல்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கும் அளவுக்கு எனக்குத் துணிவில்லை. வரும் ஞாயிறு இணைப்பில், நாகத்தை வீட்டில் வளர்ப்பது சட்டவிரோதம் என்றும், வீட்டில் பாம்பைக் கண்டால் வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள் என்றும், கடிபட்டால் கீறாமல், உறிஞ்சாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள் என்றும் ஒரு சிறு பெட்டிச் செய்தி வெளியிட்டால் போதும். இடநெருக்கடி இருக்குமானால், சிறியாநங்கைக் குறிப்பை இந்த ஆண்டு மட்டும் நிறுத்தி, அந்த இடத்தைத் தந்து உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை.