கைப்பட்டை காட்டாத ரத்த அழுத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் தங்கைக்கு வயது 38. மலைக்கோட்டைப் படிகளைச் சளைக்காமல் ஏறியவள், 2 ஆண்டுகளுக்கு முன் துணிக்கூடையுடன் வீட்டு மாடி ஏறும்போதே பாதியில் உட்கார ஆரம்பித்தாள். ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை தந்தார்கள். பிறகு ஆஸ்துமா என்று இன்ஹேலர். "உடம்பு போட்டுவிட்டது, தினமும் நட" என்றனர் உறவினர்கள். நானும் அதையே சொன்னேன். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

மாலையானால் கணுக்கால் வீங்கும். செருப்பு வார் பதிந்த தடம் இரவுவரை மறையாது. ஒருநாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடியவள் மயங்கி விழுந்தாள். அதன் பிறகுதான் எக்கோ எனும் இதய ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனியில் அழுத்தம் மிகுந்து, இதயத்தின் வலப்பக்கம் விரிந்திருந்தது. நுரையீரல் உயர் ரத்த அழுத்தம் என்றார்கள்.

கையில் பட்டை கட்டிப் பார்த்த ரத்த அழுத்தம் அவளுக்கு எப்போதும் சரியாகவே இருந்தது! நுரையீரல் தமனியின் அழுத்தத்தை அந்தக் கருவி காட்டாது என்பது எங்களுக்குத் தெரியாது. எக்கோவில் சந்தேகம் எழுந்தால், இதயத்தின் வலப்பக்கத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தி அளந்து உறுதிசெய்கிறார்கள். ஓய்வு நிலையில் நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் அது மிகை.

மே 5 உலக நுரையீரல் உயர் ரத்த அழுத்த தினம். அன்றைய இதழில் இதய மருத்துவர் ஒருவரைக் கொண்டு இதுபற்றி விரிவாக எழுதச் செய்யுங்கள். மருந்து சாப்பிட்டும் மூச்சிரைப்பு குறையாதவர்கள், "எக்கோ எடுக்கலாமா?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்க அது உதவும்.

- ஓய்வுபெற்ற தமிழாசிரியை, திருச்சி