பாட்டைக் குறைத்தால் நாடகம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் மன்றம் அரங்கேற்றிய, நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகத்துக்குத் தங்கள் ஞாயிறு இணைப்பில் விமர்சனம் வெளியிட்டீர்கள். உள்ளூர் நாடகத்துக்கு இடம் தரும் பத்திரிகைகள் அருகிவிட்ட காலத்தில் அதற்கு நன்றி சொல்ல வேண்டியது என் கடமை. ஆனால் அதன் கடைசி வரியை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "பாட்டுகளைப் பாதியாகக் குறைத்து வசனத்தைக் கூட்டியிருந்தால் இன்றைய இளைஞர்களும் ரசித்திருப்பார்கள்" என்று எழுதியிருக்கிறார் தங்கள் விமர்சகர்.

இசை நாடகத்தில் கதையே பாட்டில்தான் நகர்கிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. தினைப்புனத்துக்கு வேடனாக வரும் முருகன் மான் வந்ததா என்று கேட்பதும், வள்ளி அவனை மடக்குவதும், அவன் விடாமல் வம்புக்கு இழுப்பதும் பாட்டால்தான். அதில் பாதியை எடுத்துவிட்டால் கேள்வி நிற்கும், பதில் இருக்காது. வசனம்தான் வேண்டுமென்றால் அதற்கென்று பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய 'மனோகரா' போன்ற நாடகங்கள் இருக்கின்றன. அவற்றை நாங்கள் போடும்போது வசனம் போதவில்லை என்று குறை சொல்லட்டும், தலைவணங்கி ஏற்றுக்கொள்கிறோம். சுவாமிகளின் நாடகத்தில் பாட்டு அதிகம் என்பதை ஒரு குற்றமாக எப்படி எழுத மனம் வந்தது?

உண்மையில் நாங்கள் நிறையவே குறைத்துவிட்டோம். விடிய விடிய நடக்க வேண்டிய நாடகம் இது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி இருப்பதால், நகரத்துக்குள் ஆடுகிற நாங்கள் மூன்று மணி நேரத்தில் முடிக்க வேண்டியிருக்கிறது. நாரதரும் வள்ளியும் வாதம் செய்யும் தர்க்கக் காட்சியில் எதை வைப்பது, எதை விடுவது என்று ஒத்திகையில் சண்டையே வந்தது. பாடம் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில், வெட்டிய ஒவ்வொரு விருத்தப் பாட்டும் எனக்கு வலித்தது.

சிறு வயதில் எங்கள் ஊர்ப் பங்குனித் திருவிழாவில் கோயில் திடலில் பாய் விரித்து உட்கார்ந்து இந்த நாடகத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். திரைக்குப் பின்னாலிருந்து கதாநாயகனான ராஜபார்ட் குரலெடுத்தவுடன் திடல் முழுவதும் அடங்கிவிடும். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டிக்கு வள்ளியின் பாட்டுகள் அத்தனையும் மனப்பாடம். அங்கே யாரும் பாட்டு அதிகம் என்று எழுந்து போனதில்லை. 1934-இல் சுவாமிகளின் 'பவளக்கொடி' நாடகம் படமாக வந்தபோது அதில் 50 பாட்டுகள் இருந்தன. அதில் பாடி நடித்த தியாகராஜ பாகவதரைத் தமிழ்நாடு தலையில் வைத்துக் கொண்டாடியது. இளைஞர்கள் என்கிறாரே, எங்கள் வள்ளியே கல்லூரி மாணவிதான். சுருதி பிடிபடவில்லை என்று அழுதுவிட்டு மறுநாள் மாலை மறுபடியும் வந்து நின்ற பெண். அவளைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

விமர்சனத்தின் முதல் பத்தியில் இதைத் தெருக்கூத்து என்று குறிப்பிட்டிருக்கிறார். கூத்துக்கு உரிய பெருமை கூத்துக்கு இருக்கிறது. அதற்கு அடவு வேறு, முகவீணை வேறு, கட்டை கட்டி ஆடும் வேடம் வேறு. நாங்கள் போட்டது சுவாமிகளின் இசை நாடகம். 1918-இல் இதே மதுரையில் சிறுவர்களைச் சேர்த்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியவர் அவர். இந்த ஊர்ப் பத்திரிகையிலேயே அவருடைய பெயர் விமர்சனத்தில் ஓரிடத்தில்கூட இல்லை. ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டும் பாடியவர் பெயர் இல்லை, மிருதங்கக்காரர் பெயரும் இல்லை. கோமாளியான பபூன் வரும் காட்சியோடு விமர்சனம் நின்றுவிடுகிறது. முருகன் கிழவனாக வருவதும், யானையைக் கண்டு வள்ளி அஞ்சுவதும், திருமணமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

சென்ற ஆண்டு எங்கள் பகுதியில் கதாநாயகி வேடமான ஸ்திரீபார்ட்டில் பேரெடுத்த அம்மா ஒருவர் காலமானபோதும் தங்கள் பத்திரிகையில் நான்கே வரிகள்தான் வந்தன. அதையும் நான் மறக்கவில்லை.

எங்களைப் 'பொழுதுபோக்குக்கு நடிப்பவர்கள்' என்று எழுதியதில் எனக்கு வெட்கமில்லை. வங்கியிலும் பள்ளியிலும் மின்வாரியத்திலும் வேலை பார்த்துவிட்டு வந்து அரிதாரம் பூசுகிறவர்கள்தான் நாங்கள். 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவிலும் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும்தான் நடித்தார்கள். தீரர் சத்தியமூர்த்தியும் அந்த மேடையில் ஏறியவர்தான். சம்பளம் வாங்காமல் நடிப்பதால் எங்கள் உழைப்பு குறைந்துவிடாது. நாடக அரங்கின் வாடகை கட்டுப்படியாகாமல் கல்யாண மண்டபத்தில், முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து நாடகம் போடுகிறோம்.

தங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். நாடகத்தை எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள், இது இசை நாடகம் என்று இரண்டு வரித் திருத்தம் வெளியிடுங்கள். அடுத்த மாதம் 'பவளக்கொடி' போடுகிறோம், அனுமதி இலவசம். அதை 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் சேர்த்துக்கொண்டால் உதவியாக இருக்கும். தங்கள் விமர்சகருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறோம். கடைசிப் பாட்டு வரை அவர் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இசை ஆசிரியை,
மதுரை.