ஸ்டீபன் ஜிரார்டைப் பற்றி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் வங்கி வரலாறு எழுதும் அன்பர்களுக்கு,

பிரிட்டனுடன் நடந்த 1812 போரில் அமெரிக்க அரசைத் தன் சொந்தப் பணத்தால் தூக்கி நிறுத்திய வள்ளல் என்று பிலடெல்பியா வங்கியாளர் ஜிரார்டை ஒரு வரியில் முடித்துவிடுகிறீர்கள். கணக்கு அப்படி இல்லை.

1813-இல் கருவூலச் செயலர் ஆல்பர்ட் கேலட்டின் போர்ச் செலவுக்காக 1.6 கோடி டாலர் கடன் கேட்டார். கடன்பத்திரங்களில் பெரும்பகுதி விலைபோகவில்லை. மிஞ்சியதில் ஏறத்தாழ ஒரு கோடியை ஜிரார்ட், நிதியாளர் டேவிட் பாரிஷ், தோல் வணிகர் ஜான் ஜேகப் ஆஸ்டர் மூவரும் ஏற்றார்கள். (கடன் கேட்டவரையும் சேர்த்து நால்வருமே ஐரோப்பாவில் பிறந்தவர்கள்.) 100 டாலர் முகமதிப்புள்ள 6% கடன்பத்திரம் 88 டாலருக்குக் கிடைத்தது; போட்ட பணத்துக்கு வட்டி 6.8% ஆயிற்று. பணத்தைத் தவணையில் கட்டினார்கள், பத்திரங்களைப் பிறருக்கு விற்றார்கள். இன்று அண்டர்ரைட்டிங் என்கிறோமே, அதுதான். விலை சரிந்தால் நட்டம் அவர்கள் தலையில். துணிச்சல்தான், தானமல்ல.

நீங்கள் தாண்டிப்போகும் வங்கிதான் சுவையான பகுதி. 1811-இல், நாட்டின் மைய வங்கிபோல் இயங்கிய 'முதல் அமெரிக்க வங்கி'யின் (First Bank of the United States) உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. செனட்டில் வாக்கு சமமாகி, துணை அதிபர் ஜார்ஜ் கிளின்டன் எதிராகப் போட்டார். பிலடெல்பியா மூன்றாம் தெருவிலிருந்த அதன் கட்டடத்தை ஜிரார்ட் வாங்கினார்; பழைய காசாளர் ஜார்ஜ் சிம்ப்சனையே அமர்த்தினார். 1812 மே மாதம், 12 லட்சம் டாலர் மூலதனத்தில் கதவு திறந்தது. உரிமம்? கிடையாது. உரிமமில்லாத கூட்டமைப்புகள் வங்கி நடத்தக் கூடாது என்றது பென்சில்வேனியாவின் 1810 சட்டம். தனியாள் கூட்டமைப்பு ஆவாரா? ஆகார்; அதனால் சட்டம் அவரைத் தொடவில்லை. பங்குதாரர் இல்லாததால் அவர் வங்கி வெளியிட்ட பண நோட்டுக்கு ஈடு அவருடைய மொத்தச் சொத்து. அப்படியும் உள்ளூர் வங்கிகள் முதலில் அவர் நோட்டை ஏற்க மறுத்தன.

தனியாள் வங்கி ஆளோடு போயிற்று. 1831 டிசம்பரில் அவர் இறந்ததும் கணக்கு முடிக்கப்பட்டது. 1832-இல் உரிமம் பெற்ற 'ஜிரார்ட் வங்கி' வேறு நிறுவனம். இரண்டையும் ஒன்றாக்கி எழுதாதீர்கள்.

உயிலைப் பற்றி எழுதும்போது, அவர் சொத்தில் சீன அபின் வணிகமும் லூசியானா தோட்ட அடிமைகளும் இருந்ததைச் சேருங்கள். 20 லட்சம் டாலர் ஒதுக்கிய அநாதைப் பள்ளி 'ஏழை வெள்ளை ஆண் பிள்ளைகளுக்கு' மட்டும் என்றது அந்த உயில். கறுப்பினச் சிறுவர்கள் முதன்முதலாக உள்ளே போனது 1968-இல், நீதிமன்றப் போராட்டத்துக்குப் பிறகு.

இப்படிக்கு,
வங்கி வரலாற்று வாசகர்கள் சிலர்