அந்தக் கடன் 2015-ல்தான் அடைந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேலை நாடுகளின் நிறவெறி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரைக்கு, "அடிமை முறை ஒழிந்து இருநூறு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் அதையே பேசிக்கொண்டிருந்தால் எப்படி?" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பிரிட்டன் கதையை மட்டும் வைத்தே அவருக்குப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

1833-ல் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றிய பிரிட்டிஷ் நாடாளுமன்றம், கூடவே 2 கோடி பவுண்டு இழப்பீடும் ஒதுக்கியது. அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம் அது. அவ்வளவும் அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்குத்தான். கரும்புக் காட்டில் தலைமுறை தலைமுறையாக உழைத்து மாய்ந்தவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை, ஒரு துண்டு நிலமும் இல்லை. போதாக்குறைக்கு, பெரும்பாலான கரீபியத் தீவுகளில் 'பயிற்சிக் காலம்' என்று பெயர் வைத்து, 1838 வரை அதே முதலாளியிடம் கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள்.

அந்த இழப்பீட்டுக்காக அரசு வாங்கிய கடன், பிற்காலத்துக் கடன்பத்திரங்களோடு கலந்து நீண்டு, 2015-ல்தான் முழுமையாக அடைந்தது. ஆக, ஜமைக்காவிலிருந்தும் பார்படோஸிலிருந்தும் பிரிட்டனுக்குக் குடிபோனவர்களும் அதற்கு வரி கட்டியிருக்கிறார்கள். தங்கள் பாட்டன் பூட்டனை விலைக்கு வாங்கி வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்த பணத்தை, தங்கள் சம்பளத்திலிருந்து அடைத்திருக்கிறார்கள். இதை முதலில் படித்தபோது எனக்கு மனசே ஆறவில்லை. இருநூறு வருஷத்துப் பழங்கதையா இது?

நிலமும் முதலும் இல்லாமல் விடப்பட்ட அந்த மக்களின் சந்ததியினர்தான், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிழைப்புத் தேடி பிரிட்டனுக்குக் கப்பலேறினார்கள். 1948-ல் 'எம்பயர் விண்ட்ரஷ்' என்ற கப்பல் வந்ததால் அவர்களை விண்ட்ரஷ் தலைமுறை என்பார்கள். பேருந்து ஓட்டினார்கள், மருத்துவமனைகளில் நோயாளிகளைக் கவனித்தார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் கறுப்பர்களுக்கு இல்லை என்று வீட்டுக்காரர்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவ்வளவு காலம் உழைத்தவர்களிடம் இந்த நூற்றாண்டில் குடியுரிமைக்கு ஆதாரம் கேட்டது அரசு. அவர்கள் வந்திறங்கியபோது பதிந்த அட்டைகளை உள்துறையே 2010-ல் அழித்திருந்தது. வேலை போனது, சிகிச்சை மறுக்கப்பட்டது. 80-க்கும் மேற்பட்டோரைத் தவறாக நாடு கடத்தியதும் 2018-ல் வெளிவந்தது. வெள்ளைத் தோல் உள்ளவர்களுக்கு இப்படி நடந்திருக்குமா?

நம்மைத் தொடும் ஒரு சங்கதியும் உண்டு. இழப்பீட்டில் பெருந்தொகை பெற்றவர்களில் ஒருவர் ஜான் கிளாட்ஸ்டன். பின்னாளில் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை. 2,500-க்கும் மேற்பட்ட அடிமைகளுக்காக ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் வாங்கினார். அடிமைகள் இனி கிடைக்கமாட்டார்கள் என்றதும், கயானாவிலிருந்த தன் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைக்க ஏற்பாடு செய்தவரும் அவரே. முதல் கப்பல்கள் 1838-ல் கல்கத்தாவிலிருந்து போயின. அதே கூலிமுறைதான் சென்னைத் துறைமுகம் வழியாக நம் மக்களையும் மொரிஷியஸுக்கும் தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்கும் கொண்டுபோனது.

2023-ல் கிளாட்ஸ்டன் குடும்பத்தின் வாரிசுகள் கயானாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள். பிரிட்டிஷ் அரசு அடிமைகளின் சந்ததியினருக்கு இன்னும் இழப்பீடு கிடையாது என்றுதான் சொல்லிவருகிறது. கரீபிய நாடுகள் 2014-ல் ஒன்றாகச் சேர்ந்து முன்வைத்த பத்து அம்சக் கோரிக்கையைப் பற்றித் தமிழில் விரிவாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதை உங்கள் இதழ் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
மதுரை